தோட்டத்தில் ஒரு வேட்டைக்காரன்

1. எந்தப் பூச்சி இது?

கத்தரித் தோட்டத்துக்குப் போகிறோம். இலையைத் திருப்பிப் பார்க்கிறோம். ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கிறது. உடம்பு கறுப்பும் சிவப்புமாக இருக்கிறது. கால் நீளம். கழுத்து ஒல்லி. அது செடியைத் தின்னவில்லை. சும்மா அசையாமல் இருக்கிறது.

அது என்ன செய்கிறது? காத்திருக்கிறது. யாருக்காகக் காத்திருக்கிறது? புழுவுக்காக.

புழு ஊர்ந்து வரும். பூச்சி மெல்ல நெருங்கும். முன்கால்களால் புழுவைப் பிடிக்கும். தன் கூரிய மூக்கைப் புழுவின் உடம்பில் குத்தும். கொஞ்ச நேரத்தில் புழு துவண்டு போகும். பூச்சி அதை உறிஞ்சிக் குடிக்கும். மிஞ்சுவது புழுவின் வெறும் தோல்தான்.

இந்தப் பூச்சிக்குக் கொலையாளி நாவாய்ப்பூச்சி என்று பெயர். பெயர் பயமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அது கொல்வது நம்மை அல்ல. நம் பயிரை அழிக்கும் புழுக்களைத்தான். அதனால் இது உழவருக்கு நண்பன்.

இந்த நண்பனை எப்படி அடையாளம் காண்பது? இதன் உடம்பு எப்படி இருக்கும்? விஞ்ஞானிகள் இதை எந்த இனத்தில் சேர்க்கிறார்கள்? இவற்றை இந்தப் பாடத்தில் படிப்போம்.

2. நம் ஊரும் பூச்சிகளும்

பெரார்கஞ்ச் தெற்கு அந்தமான் தீவில் இருக்கிறது. இந்த ஊருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா?

வெள்ளைக்காரர் ஆட்சியில் பெரார் என்று ஓர் அதிகாரி இருந்தார். 1923 முதல் 1931 வரை அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைமை ஆணையராக அவர் வேலை பார்த்தார். அவர் பெயரால்தான் ஊருக்குப் பெரார்கஞ்ச் என்று பெயர் வந்தது.

பெராருக்குப் பூச்சிகள் மேல் ஆசை. முக்கியமாக வண்ணத்துப்பூச்சிகள் மேல் ஆசை. இந்தத் தீவுகளின் வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரித்தார். அவற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது 1948-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது.

ஆகவே நம் ஊர்ப் பெயரிலேயே பூச்சிகளைப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் அழகான வண்ணத்துப்பூச்சியைப் பார்த்தார். நாம் தோட்டத்துக்கு உதவும் பூச்சியைப் பார்ப்போம்.

அந்தமானில் மழை அதிகம். ஓர் ஆண்டில் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழை இருந்தால் பச்சை இருக்கும். பச்சை இருந்தால் புழு பூச்சி இருக்கும். புழு பூச்சி இருந்தால் அவற்றைத் தின்னும் பூச்சிகளும் இருக்கும். கொலையாளி நாவாய்ப்பூச்சிக் குடும்பம் அந்தமானிலும் வாழ்கிறது. தமிழ்நாட்டிலும் வாழ்கிறது. உலகம் முழுவதும் வாழ்கிறது.

இந்தக் குடும்பத்தில் பல இனங்கள் உண்டு. தமிழ்நாட்டில் நன்றாக ஆராயப்பட்ட ஓர் இனத்தை எடுத்துக்கொள்வோம். அதைத் தெரிந்துகொண்டால் மற்றவற்றைப் புரிந்துகொள்வது எளிது.

அதன் பெயர் ரைனோகோரிஸ் மார்ஜினேட்டஸ்.

பெயர் நீளமாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். நான்கு தடவை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். நாக்கு பழகிவிடும்.

3. உடம்பைப் பார்ப்போம்

இந்தப் பூச்சியின் நீளம் சுமார் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். நல்ல பெரிய புளியங்கொட்டை நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பூச்சிக்கும் உடம்பில் மூன்று பகுதி உண்டு. தலை, மார்பு, வயிறு. கால் ஆறு. எட்டுக் கால் இருந்தால் அது பூச்சி அல்ல. சிலந்திக்கு எட்டுக் கால். நம் கொலையாளிக்கும் ஆறு கால்தான்.

*தலை*

தலை சிறியது, நீளமானது. கண்ணுக்குப் பின்னால் ஒடுங்கிக் கழுத்துப் போல இருக்கும். இந்தக் கழுத்து ஒரு முக்கியமான அடையாளம். பயிரைத் தின்னும் பல நாவாய்ப்பூச்சிகளுக்கு இப்படிக் கழுத்து தெரியாது.

தலையின் இரு பக்கமும் இரண்டு பெரிய கண்கள் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் இரண்டு சிறு கண்கள் இருக்கும். வளர்ந்த பூச்சியில் இந்தச் சிறு கண்கள் புள்ளி போலத் தெரியும்.

தலையில் இரண்டு உணர்கொம்புகள் உண்டு. அவை நூல் போல மெல்லியவை. இரை எங்கே இருக்கிறது என்று அறிய இவை உதவும்.

*மூக்கு*

இதுதான் இந்தப் பூச்சியின் ஆயுதம். பார்க்க மூக்கு மாதிரி இருக்கும். உண்மையில் இது வாய். உறிஞ்சு குழல் என்றும் சொல்லலாம்.

நம் கொலையாளியின் மூக்கு குட்டையானது, தடித்தது. அரிவாள் போல வளைந்தது. மூன்று கணுக்கள் உள்ளது. வேலை இல்லாதபோது அதைத் தலைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்ளும்.

மார்பின் அடியில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. மடக்கிய மூக்கின் நுனி அந்தப் பள்ளத்தில் பொருந்தும். பள்ளத்தில் நுண்ணிய வரிகள் உண்டு. மூக்கு நுனியை அதில் தேய்த்தால் கிரீச் என்று மெல்லிய சத்தம் வரும். எதிரி பிடித்தால் இப்படிச் சத்தம் போடும்.

*கால்கள்*

கால்கள் நீளமானவை. முன்கால்கள் வலுவானவை. இரையைப் பிடிப்பதற்கு இவைதான் கை.

*இறக்கைகள்*

வளர்ந்த பூச்சிக்கு இரண்டு சோடி இறக்கைகள். முன் இறக்கையின் மேல்பாதி தோல் போலத் தடித்திருக்கும். கீழ்ப்பாதி கண்ணாடித்தாள் போல மெல்லியதாக இருக்கும். ஒரே இறக்கையில் இரண்டு விதம். முதுகில் இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து கிடக்கும். இறக்கைகள் தொடங்கும் இடத்தில், நடுவில், ஒரு முக்கோணத் தகடு தெரியும்.

*வயிற்றின் ஓரம்*

வயிற்றின் இரு ஓரமும் இறக்கைக்கு வெளியே தெரியும். சேலைக்குக் கரை போட்டது போல இருக்கும். இந்தக் கரையின் நிறம் எல்லாப் பூச்சியிலும் ஒன்றாக இல்லை. சிலவற்றில் கரை முழுக்கக் கறுப்பு. சிலவற்றில் முழுக்கச் சிவப்பு. சிலவற்றில் கறுப்பும் சிவப்பும் மாறி மாறி வரும்.

நிறம் மூன்று விதம் என்பதால் இனம் மூன்று என்று நினைக்கக் கூடாது. ஒரே இனம்தான். ஒரு வீட்டில் அண்ணன் கறுப்பு, தம்பி மாநிறம், தங்கை சிவப்பு. மூவரும் ஒரு தாய் பிள்ளைகள்தானே? அது போலத்தான்.

ஆகவே நிறத்தை மட்டும் பார்த்துப் பூச்சியை முடிவு செய்யாதீர்கள். கழுத்தையும் மூக்கையும் பாருங்கள்.

4. முகவரி போல ஓர் ஏற்பாடு

நீங்கள் இப்போது கடிதம் எழுதக் கற்றுக்கொண்டீர்கள். கடிதத்தில் முகவரி எழுதுகிறோம். ஆள் பெயர், வீடு, ஊர், வட்டம், மாவட்டம், யூனியன் பிரதேசம், நாடு என்று எழுதலாம். ஏழு வரி. இந்த ஏழும் சரியாக இருந்தால் கடிதம் தவறாமல் போய்ச் சேரும்.

உயிர்களுக்கும் இப்படி ஒரு முகவரி உண்டு. அதற்கு வகைப்பாடு என்று பெயர். அதிலும் முக்கியமாக ஏழு வரி உண்டு. சுவீடன் நாட்டைச் சேர்ந்த லின்னேயஸ் என்ற அறிஞர் இந்த முறைக்கு அடித்தளம் போட்டார். விலங்குகளுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறை அவர் 1758-ல் வெளியிட்ட நூலிலிருந்து நிலைபெற்றது.

இரண்டு முகவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

நாடு: இந்தியா. பூச்சிக்கு, *உலகம்:* விலங்குகள்.

யூனியன் பிரதேசம்: அந்தமான் நிக்கோபார். பூச்சிக்கு, *தொகுதி:* கணுக்காலிகள். அதாவது கால்களில் கணு உள்ளவை. நண்டு, இறால், தேள், சிலந்தி எல்லாம் இதில் அடங்கும்.

மாவட்டம்: தெற்கு அந்தமான். பூச்சிக்கு, *வகுப்பு:* பூச்சிகள். ஆறு கால் உள்ளவை.

வட்டம்: பெரார்கஞ்ச். பூச்சிக்கு, *வரிசை:* ஹெமிப்டிரா. பாதி இறக்கை என்று பொருள். உறிஞ்சும் மூக்கு உள்ள பூச்சிகள் இதில் வரும். மூட்டைப்பூச்சி, அசுவினி, நெல்லின் கதிர் நாவாய்ப்பூச்சி எல்லாம் இந்த வரிசைதான்.

ஊர்: உங்கள் ஊர். பூச்சிக்கு, *குடும்பம்:* ரெடுவிடே. கொலையாளி நாவாய்ப்பூச்சிகள் எல்லாம் இந்தக் குடும்பம்.

வீடு: உங்கள் வீடு. பூச்சிக்கு, *பேரினம்:* ரைனோகோரிஸ்.

ஆள்: நீங்கள். பூச்சிக்கு, *சிற்றினம்:* மார்ஜினேட்டஸ்.

மேலிருந்து கீழே வர வர வட்டம் சுருங்குகிறது. கடைசியில் ஒரே ஓர் இனம் நிற்கிறது.

பெயருக்குப் பொருள் என்ன? ரைனோ என்றால் கிரேக்க மொழியில் மூக்கு. கோரிஸ் என்றால் மூட்டைப்பூச்சி. மார்ஜினேட்டஸ் என்றால் லத்தீன் மொழியில் ஓரம் உடையது. கரை போட்ட மூக்குப் பூச்சி என்று நாம் சொல்லலாம். பெயரிலேயே அடையாளம் இருக்கிறது பாருங்கள்.

இந்த இனத்தை 1794-ல் முதலில் விவரித்தவர் பெப்ரீசியஸ். அவர் டென்மார்க் நாட்டு அறிஞர். லின்னேயஸின் மாணவர். அப்போது தமிழ்நாட்டில் தரங்கம்பாடி டென்மார்க்காரர் கையில் இருந்தது. அங்கிருந்து கப்பலில் போன பல பூச்சிகளுக்குப் பெப்ரீசியஸ் பெயர் வைத்தார். தரங்கம்பாடிக் கடற்கரையில் பிடித்த பூச்சி, கடல் தாண்டிப் போய்ப் புத்தகத்தில் ஏறியது.

எதற்கு இவ்வளவு பாடு? பெயர் ஊருக்கு ஊர் மாறும். ஓர் ஊரில் ஒரு பெயர். பக்கத்து ஊரில் வேறு பெயர். தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று, வங்காளியில் ஒன்று. அந்தமானில் வாழும் நமக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் அறிவியல் பெயர் எங்கும் ஒன்றே. பெயர் ஒன்றாக இருந்தால், ஓர் ஊரில் கண்ட உண்மை இன்னோர் ஊருக்கும் பயன்படும்.

ரெடுவிடே குடும்பம் பெரியது. உலகத்தில் சுமார் 7000 இனங்கள் இதில் உண்டு. 2006-ல் வெளிவந்த ஒரு பட்டியல் இந்தியாவில் 464 இனங்களைக் காட்டியது.

5. முட்டை முதல் பூச்சி வரை

தாய்ப் பூச்சி முட்டைகளைக் குவியலாக இடும். முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொரு முட்டைக்கும் உச்சியில் ஒரு மூடி உண்டு. குஞ்சு அந்த மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

வண்ணத்துப்பூச்சிக்குப் புழுப் பருவம் உண்டு. கூட்டுப்புழுப் பருவமும் உண்டு. நம் கொலையாளிக்கு இரண்டும் இல்லை. குஞ்சு பொரித்த நாள் முதலே தாயின் சாயல்தான். இறக்கை மட்டும் இருக்காது.

குஞ்சு வளர வளரத் தோல் இறுகும். பாம்பு சட்டை உரிப்பது போல அது தோல் உரிக்கும். ஐந்து தடவை உரிக்கும். கடைசி தடவை உரித்ததும் முழு இறக்கை வந்துவிடும். வளர எத்தனை நாள் ஆகும் என்பது வெப்பத்தையும் கிடைக்கும் இரையையும் பொறுத்தது.

குஞ்சும் வேட்டையாடும். சிறு குஞ்சு சிறு புழுவைப் பிடிக்கும். பெரிய குஞ்சு பெரிய புழுவைப் பிடிக்கும். இரை கிடைக்காவிட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

6. எப்படி வேட்டையாடுகிறது?

இந்தப் பூச்சிக்குப் பல் இல்லை. மெல்ல முடியாது. பிறகு எப்படிச் சாப்பிடுகிறது?

மூக்கின் வழியாக எச்சிலை இரையின் உடம்பில் செலுத்துகிறது. அந்த எச்சில் நஞ்சு. இரை செயலற்றுப் போகிறது. எச்சில் இரையின் உடம்பின் உள்ளே இருப்பதைக் கரைத்துக் கஞ்சி போல ஆக்குகிறது. அந்தக் கஞ்சியைப் பூச்சி உறிஞ்சிக் குடிக்கிறது. நாம் வயிற்றுக்குள் செரிக்கிறோம். இது வயிற்றுக்கு வெளியே செரிக்கிறது.

சாப்பிட்டு முடிந்ததும் மூக்கையும் உணர்கொம்பையும் கால்களால் துடைத்துச் சுத்தம் செய்யும்.

இதன் உறவினர் சிலரின் தந்திரம் இன்னும் விசித்திரமானது. அக்கேந்தாஸ்பிஸ் என்ற பேரினத்தில் சில இனங்களின் குஞ்சுகள் உடம்பு முழுக்க மண்ணைப் பூசிக்கொள்ளும். தின்று முடித்த எறும்புகளின் கூட்டை முதுகில் சுமக்கும். பார்த்தால் குப்பை நடந்து போவது போல இருக்கும். எதிரி ஏமாந்து போவான்.

7. பாளையங்கோட்டையில் நடந்த ஆராய்ச்சி

திருநெல்வேலிக்குப் பக்கத்தில் பாளையங்கோட்டை இருக்கிறது. அங்கே தூய சவேரியார் கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்லூரியில் டன்ஸ்டன் அம்புரோஸ் என்ற பேராசிரியர் கொலையாளி நாவாய்ப்பூச்சிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். காட்டிலும் கரட்டிலும் வயலிலும் தேடினார். கல்லைப் புரட்டிப் பார்த்தார். 1999-ல் இந்தப் பூச்சிகளைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். நாம் மேலே சொன்ன 464 இனங்களின் பட்டியலும் அவருடையதுதான்.

அங்கே ஆராய்ச்சியாளர்கள் ரைனோகோரிஸ் மார்ஜினேட்டஸ் பூச்சியை ஆய்வகத்தில் வளர்த்தார்கள். அதற்குத் தீனி என்ன? அரிசி அந்துப்பூச்சியின் புழு. அரிசி மூட்டையில் நூல் கட்டிக் கிடக்குமே, அந்தப் புழுதான்.

வளர்த்த பூச்சிகளை நிலக்கடலை வயலில் விட்டுப் பார்த்தார்கள். புழுக்கள் குறைந்தன. நிலக்கடலையின் இலையைத் தின்னும் புரொடீனியா புழுவை இந்தப் பூச்சி விரும்பித் தின்கிறது. பச்சைக் காய்ப்புழுவையும் தின்கிறது.

ஆனால் இந்தப் பூச்சி ஒன்றே எல்லாப் புழுவையும் ஒழித்துவிடாது. காயைத் துளைத்து உள்ளே போன புழுவை இதனால் எட்டிப் பிடிக்க முடியாது. நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பிரித்துப் பார்க்கவும் இதற்குத் தெரியாது. சில நேரம் பொறிவண்டையும் தேனீயையும் கூடப் பிடிக்கும். ஆனாலும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நமக்கு லாபம்தான்.

8. நண்பனா, பகைவனா?

இந்த உரையாடலைப் படியுங்கள். ஒரு தம்பி முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு வெண்டைத் தோட்டத்துக்குப் போகிறான். பக்கத்து வீட்டு அக்கா பார்க்கிறார்.

“என்ன தம்பி, காலையிலேயே மருந்து அடிக்கக் கிளம்பிட்டே?”

“ஆமாக்கா. செடி பூரா சிவப்புப் பூச்சி. விட்டா காய் ஒண்ணும் மிஞ்சாது.”

“எங்கே, காட்டு பார்ப்போம்.”

இருவரும் செடிக்குப் பக்கத்தில் போகிறார்கள்.

“இதோ, காய்மேல கூட்டமா இருக்கு பாருங்க. அங்கே இலைக்கு அடியிலயும் ஒண்ணு இருக்கு.”

“இரு தம்பி. ரெண்டும் ஒண்ணு இல்ல. காய்மேல இருக்கிறது காயைக் குடிக்கிற பூச்சி. இலைக்கு அடியில தனியா இருக்கே, அது கழுத்தைப் பாரு. ஒல்லியா இருக்கா?”

“ஆமா. மூக்கு வளைஞ்சிருக்கு. அட, ஒரு புழுவைப் பிடிச்சு வச்சிருக்கு!”

“அதான். அது உனக்குக் கூலி வாங்காம வேலை பார்க்குது. நீ மருந்து அடிச்சா முதல்ல சாகிறது அதுதான்.”

“அப்போ காய்மேல இருக்கிறதை என்ன பண்றது?”

“ஒரு சட்டியில சோப்புத் தண்ணி எடுத்துக்கோ. செடியைத் தட்டினா அதுல விழும். பத்து செடிதானே? அரை மணி நேர வேலை. மருந்துக் காசு மிச்சம்.”

தம்பி தெளிப்பானைக் கழற்றி வைத்தான்.

அந்த அக்கா காட்டிய காய் குடிக்கும் பூச்சி எது? சிவப்புப் பருத்தி நாவாய்ப்பூச்சி. இது பருத்தியிலும் வெண்டையிலும் வரும். இதுவும் சிவப்பும் கறுப்பும்தான். அதனால் பலர் ஏமாந்து போகிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் வையுங்கள்.

*கழுத்து:* கொலையாளிக்கு ஒல்லியான கழுத்து தெரியும். பருத்தி நாவாய்க்குத் தெரியாது.

*மூக்கு:* கொலையாளிக்குக் குட்டை, தடிப்பு, வளைவு, மூன்று கணு. பருத்தி நாவாய்க்கு நீளம், மெல்லியது, நேர், நான்கு கணு. அது மூக்கை வயிற்றுப் பக்கமாக ஒட்டி வைத்திருக்கும்.

*சிறு கண்:* வளர்ந்த கொலையாளிக்குப் பெரிய கண் இரண்டு, சிறு கண் இரண்டு. பருத்தி நாவாய்க்குச் சிறு கண் இல்லை.

*பழக்கம்:* வளர்ந்த கொலையாளி பெரும்பாலும் தனியாக இருக்கும். பருத்தி நாவாய் கூட்டமாக இருக்கும்.

9. மருந்து அடித்தால் என்ன ஆகும்?

பூச்சிமருந்து நண்பனையும் கொல்லும், பகைவனையும் கொல்லும். ஆனால் இருவருக்கும் அடி சமமாக விழுவதில்லை. கத்தரிக்காய்க்குள் இருக்கும் புழுமேல் மருந்து படாது. இலைமேல் நடமாடும் கொலையாளிமேல் நன்றாகப் படும். நண்பன் செத்துப் போகிறான். பகைவன் உள்ளே பத்திரமாக இருக்கிறான்.

அடுத்து என்ன நடக்கும்? புழுக்கள் வேகமாகப் பெருகும். அவற்றைத் தின்னும் பூச்சிகள் மெதுவாகப் பெருகும். இடைவெளியில் புழு கூட்டம் சேர்ந்துவிடும். நாம் மறுபடியும் மருந்து அடிக்கிறோம். செலவு ஏறுகிறது. அந்தமானுக்கு மருந்து கடல் தாண்டி வர வேண்டும். மழை அந்த நஞ்சைக் கழுவி ஓடையிலும் குளத்திலும் சேர்க்கும். தெளிப்பவர் உடம்புக்கும் கேடு.

அதனால் மருந்தைக் கடைசி வழியாக வையுங்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை:

வாரம் இரண்டு முறை காலையில் செடிகளைப் பாருங்கள். இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள்.

புழுவையும் புழு முட்டைக் குவியலையும் கையால் பொறுக்கி அழியுங்கள்.

துளை விழுந்த காயையும் வாடிய கத்தரிக் குருத்தையும் கிள்ளி எடுத்து அழியுங்கள். தோட்டத்திலேயே போடாதீர்கள்.

தேவைப்பட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளியுங்கள். 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். பிழிந்து வடிகட்டுங்கள். தண்ணீர் சேர்த்து 100 லிட்டர் ஆக்குங்கள். கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் ஆலோசனை கேளுங்கள். கராச்சர்மாவில் மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. வேளாண்மைத் துறை அலுவலரிடமும் கேட்கலாம். தெரியாத பூச்சி ஏதாவது கண்டால் ஒரு சிறு புட்டியில் பிடித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். இனத்தின் பெயரைக் கேட்டு எழுதி வாருங்கள்.

10. கடித்தால் என்ன செய்வது?

கொலையாளி நாவாய்ப்பூச்சி நம்மைத் தேடி வந்து கடிக்காது. கையில் பிடித்தால், நசுக்கினால், குத்திவிடும். நன்றாக வலிக்கும். தேனீ கொட்டியது போல எரியும். அதனால் வெறும் கையால் பிடிக்கக் கூடாது. குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வையுங்கள். சொறியாதீர்கள். பெரும்பாலும் வலி தானாக அடங்கும். முகம் வீங்கினால், மூச்சுத் திணறினால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காத்திருக்க வேண்டாம்.

இந்தக் குடும்பத்தில் இரத்தம் குடிக்கும் பூச்சிகளும் சில உண்டு. தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் அவை ஒரு கொடிய நோயைப் பரப்புகின்றன. பிரேசில் நாட்டு மருத்துவர் கார்லோஸ் சாகஸ் 1909-ல் அதைக் கண்டுபிடித்தார். அதனால் அதற்குச் சாகஸ் நோய் என்று பெயர். தோட்டத்தில் புழு தின்னும் பூச்சிகள் இந்த நோயைப் பரப்புவதில்லை.

இரத்தம் குடிக்கும் இனம் ஒன்று இந்தியாவிலும் உண்டு. எலி இருக்கும் வீடுகளிலும் துறைமுக ஊர்களிலும் அது வாழும். இரவில் வெளியே வரும். எலியின் இரத்தம் குடிக்கும். சில நேரம் மனிதரையும் கடிக்கும். அதைத் தடுக்க வழி எளிது. வீட்டில் எலியை ஒழியுங்கள். சுவரின் வெடிப்பை அடையுங்கள். மரக்கட்டையையும் பழைய சாமானையும் படுக்கைக்குப் பக்கத்தில் குவிக்காதீர்கள்.

நினைவில் வைப்போம்

ஒல்லிக் கழுத்து, வளைந்த குட்டை மூக்கு, தனியாகத் திரிதல். இந்த மூன்றும் இருந்தால் அது கொலையாளி நாவாய்ப்பூச்சி.

அது புழுவைத் தின்னும். பயிரைத் தின்னாது.

நிறத்தை மட்டும் பார்த்து எந்தப் பூச்சியையும் கொல்லாதீர்கள்.

மருந்து அடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

புதிய சொற்கள்

வகைப்பாடு – உயிர்களை இனம் பிரித்து வரிசைப்படுத்துதல்

உணர்கொம்பு – பூச்சியின் தலையில் உள்ள மீசை போன்ற உறுப்பு

கணு – மூட்டு. இரண்டு பகுதி சேரும் இடம். பூச்சியின் மூக்கில் அப்படிச் சேர்ந்த ஒவ்வொரு துண்டையும் கணு என்கிறோம்

இரை – வேட்டையாடும் உயிருக்கு உணவாகும் உயிர்

அசுவினி – செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி, செடிப்பேன்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

1. பூச்சிக்குக் கால்கள் ______.
2. கொலையாளி நாவாய்ப்பூச்சியின் மூக்கில் ______ கணுக்கள் உண்டு.
3. குஞ்சு ______ தடவை தோல் உரிக்கும்.
4. பெரார்கஞ்ச் என்ற பெயர் ______ என்ற அதிகாரியால் வந்தது.

ஆ. சரியா, தவறா?

1. கரையின் நிறம் மாறினால் இனமும் மாறும்.
2. கொலையாளி நாவாய்ப்பூச்சிக்குக் கூட்டுப்புழுப் பருவம் இல்லை.
3. பூச்சிமருந்து பகைவனை மட்டும் கொல்லும்.

இ. எழுதுங்கள்.

1. உங்கள் முகவரியை ஏழு வரியில் எழுதுங்கள். பக்கத்தில் ரைனோகோரிஸ் மார்ஜினேட்டஸ் பூச்சியின் முகவரியையும் எழுதுங்கள்.
2. கொலையாளிக்கும் பருத்தி நாவாய்க்கும் உள்ள வேறுபாடுகளில் மூன்றை எழுதுங்கள்.

ஈ. செய்து பாருங்கள்.

இந்த வாரம் ஒரு நாள் காலை உங்கள் தோட்டத்தில் பத்துச் செடிகளைப் பாருங்கள். ஒவ்வொரு செடியிலும் எத்தனை புழு, எத்தனை பொறிவண்டு, எத்தனை சிலந்தி, எத்தனை கொலையாளி நாவாய்ப்பூச்சி என்று எண்ணி எழுதுங்கள். எழுதியதைக் கல்வி மையத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லோர் கணக்கையும் கரும்பலகையில் எழுதுவோம். யார் தோட்டத்தில் நண்பர்கள் அதிகம் என்று பார்ப்போம். நண்பர்கள் குறைந்த தோட்டத்தில் எத்தனை முறை மருந்து அடித்தார்கள் என்றும் கேட்போம்.